பண்ணிடலாம்

அவர் வருவதற்கு முந்தின வாரம்
சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து
எங்களுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தாள்.
விசிட்டிங் கார்டை இரு கையால் நீட்ட வேண்டும்.
வாங்கியதும் பையில் திணிக்கக் கூடாது.
குனியும்போது கண்ணைப் பார்க்கக் கூடாது.
ஜியாவுதீன் சாகிப் தன் மேசைக் கண்ணாடியைப் பார்த்து
நாலு முறை குனிந்து நிமிர்ந்தார்.

சிக்கல் அதிலெல்லாம் இல்லை.
இரண்டு சொற்களில் இருந்தது.

ஆனி மாதம் அவர்கள் கேட்டார்கள்:
பழுப்பு ஆட்டுத்தோல், பன்னிரண்டாயிரம் சதுர அடி,
இருபதாம் தேதி கப்பலேறுமா?
"பண்ணிடலாம்" என்றேன்.
ஆம்பூரில் அந்தச் சொல்லுக்கு
ஆசை என்று பொருள், மரியாதை என்றும்.
கரண்ட் இருந்தால், டிரம் ஓடினால்,
சாயம் போடுகிற சலாமத் ஊருக்குப் போகாதிருந்தால் என்றும்.
அங்கே அதைக் கையெழுத்தாக
எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நாங்கள் கேட்டோம்:
நிறம் ஒரு சாயல் கூடிவிட்டது, ஏற்பீர்களா?
"சற்றுக் கடினம்" என்று பதில்.
கடினம்தானே, முடியாதென்று சொல்லவில்லையே,
இன்னும் கொஞ்சம் தள்ளினால் நகரும் என்று
ஏழு மெயில் அனுப்பினேன்.
முதல் பதிலிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள்.
சாத்திய கதவுக்கு வெளியே நின்று
அத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆவணியில் நிஷிவாகி வந்தார்.
கார்டுகள் முறைப்படி கைமாறின.
மதியம் பிரியாணி. அவர்
கத்திரிக்காயை மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டார்.
திருப்பி அனுப்பிய தோலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
அவர் பேசாததைக் கோபம் என்று எண்ணிய சாகிப்
மேலும் மேலும் பேசினார்.
மகனின் படிப்பு, மருமகளின் பல் கிளினிக்,
பாலாற்றில் கடைசியாகத் தண்ணீர் வந்த வருஷம்.

நாலு மணிக்கு குடோன்.
நிஷிவாகி ஒரு தோலை உருவினார்.
நாலாய் மடித்தார்.
மடிப்பில் கட்டைவிரலை அழுத்திக்
காதோரம் கொண்டுபோய்க்
கசக்கினார்.

சுண்ணாம்புக் குழியில்
இருபத்தாறு வருஷம் நின்ற என் அப்பா
அப்படித்தான் கசக்குவார்.
சத்தம் போட்டால் எண்ணெய் பத்தலை என்பார்.
கோட்டு போட்ட ஆள் அதைச் செய்து
நான் பார்த்ததில்லை.

குழாயடியில் இருவரும் கை கழுவினோம்.
சோப்பு. மறுபடியும் சோப்பு.
துடைத்த பின்
யாரும் பார்க்காத மாதிரி
விரல்நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.
அதே நேரம் என் கையும்
என் மூக்கருகே இருந்தது.

ஏழாம் வகுப்பில் வந்த பழக்கம்.
பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம்
காலியாகவே இருந்த வருஷம்.

கண்ணைப் பார்க்கக் கூடாதென்றிருந்தாள் அந்தப் பெண்.
பார்த்துவிட்டோம்.

தொட்டிகளைக் காட்டி
"அப்பா?" என்றார்.
தலையாட்டினேன்.
"எனக்கும். தாத்தாவுக்கும்."
முழங்கால் ஆழ ஆங்கிலத்தில்
இருவரும் மெல்ல நடந்தோம்.
அவர் ஊரிலும் ஓர் ஆறாம், கரையெல்லாம் தோலாம்.
பெண் கேட்டுப் போகும் வீட்டில்
ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டுப்
பக்கத்து ஊரைச் சொல்வார்களாம்.
நான் சொன்னேன்,
ரயில் எங்கள் ஊரைக் கடக்கையில்
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் இறங்கும் சத்தத்தை.
எங்கள் தெருவின் பெயரைச் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

"இன்னாப்பா, அவ்ளோ நேரம் பேசிக்கினீங்க?"
என்றார் சாகிப்.
"விலை" என்றேன்.

ஐப்பசியில் மெயில் வந்தது:
திங்கட்கிழமை அனுப்ப இயலுமா?
விரல் பழக்கத்தில் அந்தச் சொல்லை அடித்தது.
அழித்தேன்.
முடியாது, வியாழன் முடியும் என்றெழுதி
அனுப்பிவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பதில், ஒரே வரி: மிக்க நன்றி.
அதன் கீழே, கொஞ்சம் இடம் விட்டு:
சதுர அடிக்கு மூன்று சென்ட்
குறைத்துக்கொள்ள முடியுமா?

சற்றுக் கடினம்
என்று எழுதினேன்.

அவர் ஏழு மெயில் அனுப்பவில்லை.